இமையில் நிற்க வேண்டியது

கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடும் தொழிலில் முகம் முழுக்க நம் கையில் இருக்கும். கண் இமை மட்டும் எண்ணெயின் கையில் இருக்கும். புதுச்சேரியில் சாரம் பக்கம் வீட்டு முன்னறையில் பார்லர் வைத்து, எழுபதுகளின் கடைசியிலிருந்து பெண்களை மணமேடைக்கு அனுப்பியவள் என்ற முறையில் சொல்கிறேன். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், ஆசையாய்ப் போட்ட கண் கலர் அரை மணியில் இமை மடிப்புக்குள் கோடாகப் போய் உட்கார்ந்துகொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கும் என் வேதனை புரியும்.

நலங்கு எண்ணெய்

நான் தனியாக ஒத்துக்கொண்ட முதல் கல்யாணம். பெண்ணுக்கு நல்ல பெரிய கண்கள். நீலத்தில் ஐஷேடோ போட்டேன். கண்ணாடியைப் பார்த்து அவளே மயங்கிப் போனாள். விடியற்காலையில் உறவுக்காரப் பெண்கள் வரிசையில் நின்று அவள் தலையில் நலங்கு எண்ணெய் வைத்திருந்ததை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. சீயக்காய் தலைக்குத்தான் போகிறது, இமைக்கு யார் போடுகிறார்கள்?

நம் கல்யாணங்களில் பெண் முதலில் மேடைக்கு வந்து உட்காருவாள். அங்கே கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பி, அதைக் கட்டிக்கொண்டு மறுபடி போனால்தான் தாலி. என் பெண் புடவை மாற்ற அறைக்கு வரும்போதே ஓமப்புகையில் நீலம் முழுக்க இறங்கி, யாரோ இரண்டு கண்ணிலும் குத்துவிட்ட மாதிரி இருந்தாள். வாசலில் நின்ற அவளுடைய தாய்மாமன் வீடுகளுக்கு வெள்ளையடித்து பெயிண்ட் பூசுகிறவர். எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"பிரைமர் அடிக்காம பெயிண்ட் அடிச்சா செவுத்துலயே நிக்காதும்மா, தோல்ல எங்க நிக்கப் போவுது?"

மதாமின் ட்யூப்

அவர் சொன்னது மனதில் தைத்துவிட்டது. கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு மதாம் இருந்தார். தமிழ்க்காரர்தான், ஆனால் வெகுகாலம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். மாதத்தில் சில நாள் அவருக்குத் தலை அலசி, சுருட்டிவிடப் போவேன். அந்த வயதிலும் சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போகும்போது இமையில் மெல்லிய சாம்பல் கலர் இருக்கும். திரும்பி வரும்போதும் அப்படியே இருக்கும். எப்படி என்று கேட்டதற்கு ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் காட்டினார். கலர் போடுவதற்கு முன்னால் இமையில் பூசுவதற்கென்றே செய்தது. அவர் மகள் பாரீசிலிருந்து அனுப்புவது.

முறையையும் அவரே சொன்னார். இமையைப் பஞ்சால் எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். மோதிர விரலால் கொஞ்சமே கொஞ்சம் எடுத்துத் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். காய்ந்த பிறகு பவுடரை ஒற்றி, அதற்கு மேல்தான் கலர். எனக்கு ஒரு ட்யூபைத் தானமாகவும் கொடுத்தார். அது தீர்ந்ததும் பாரீசுக்கு நான் எங்கே போவது? காலமைன் லோஷன் பாட்டிலை ஆட்டாமல் வைத்து, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மாவில் துளி பான்கேக் மேக்கப்பைக் குழைத்துப் பார்த்தேன். முதலில் திட்டுத் திட்டாக உரிந்தது. மதாமின் கையிலேயே பூசிக் காட்டினேன். பூசின கையோடு கலர் டப்பாவைத் திறந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூஸ்மான், தூஸ்மான். மெதுவாப் போடு. சரக்குல குத்தமில்ல. காயற வரைக்கும் சும்மா இருக்கணும், அதுதான் ஒனக்கு வரல."

அழாத பெண்

சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன். நான் குழைத்த அடிப்பூச்சு இமையில் பிடித்து நின்றது. பயத்தம் மாவால் இமையைக் கழுவி, துடைத்து, பூசி, காயவிட்டு, ஒற்றி எடுத்தால் புகை, வியர்வை, பன்னீர் எதற்கும் அசையாது. 'அந்தம்மா போட்டா மறுவீடு வரைக்கும் நிக்கும்' என்று பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கும் இடத்திலேயே பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட வந்தது.

வந்த வேகத்தில் இறங்கியது. ஒரு பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். தோளெல்லாம் குலுங்கியது. நிமிர்ந்தபோது இமையில் போட்ட ரோஸ் கலர் போட்டபடியே இருந்தது. மையை மட்டும் நான் முன்யோசனையாகக் கம்மியாக வைத்திருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் பெண் அழவே இல்லை, பிறந்த வீட்டின் மேல் பாசமில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெண்ணின் அத்தை என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நல்லாத்தாம்மா போட்டிருக்க. ஆனா கொஞ்சம் கலைஞ்சு போற மாதிரி போடக் கூடாதா?"

வீடியோ லைட்

எண்பதுகளில் வீடியோ வந்தது. கூடவே மூஞ்சிக்கு நேரே பிடிக்கும் அந்த லைட்டும் வந்தது. பக்கத்தில் நின்றால் அப்பளம் சுடலாம். ஒரு கல்யாணத்தில் பெண் அசையாமல் பளிச்சென்று உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளைக்கு அவர் நண்பர்கள் அப்பிவிட்ட பவுடர் கோடு கோடாக வழிந்து சட்டைக் காலரில் சேர்ந்தது. வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"அக்கா, மாப்ள கரைஞ்சுனே போறாரு. அவருக்கும் அதுல கொஞ்சம் தடவி வுடுங்க."

இடது கண்

கடைசியாகச் சொல்வதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. பெண்ணின் பெயரைக் கலை என்று வைத்துக்கொள்வோம். அப்பா மில் தொழிலாளி. மாப்பிள்ளை வீடு கடலூர். கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் அம்மா பார்லருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கலையின் இடது இமையில் வெண்படை. ஒட்டாது, வலிக்காது, நிமிர்ந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. குனிந்தால் தெரியும். தாலி கட்டும்போது எந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள்? பெண் பார்க்க வந்த அன்று பவுடரும் மையும் அப்பிச் சமாளித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. "தாலி ஏறுற வரைக்கும் நின்னா போதும் தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பஞ்சால் இமையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஏதோ வேலையாக வெளியே போனார். கலை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, அந்த அடிப்பூச்சை இந்தக் கண்ணுக்குப் பூசாதீங்க."

"பூசலன்னா நிக்காதும்மா."

"தெரியும். அதான் கேக்கறேன். எங்க பெரியப்பா பொண்ணுக்குக் கால்ல இருந்துச்சு. மறைச்சுக் கட்டிக் குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல கொண்டாந்து வுட்டுட்டுப் போய்ட்டாங்க. படைக்காக இல்லக்கா, ஏமாத்திட்டீங்கன்னு. எனக்கு அது வேணாம்."

"மாப்ள வூட்டுல நீயே சொல்லிடேன்."

"வாயால சொல்ல மாட்டேன்னு அம்மா சத்தியம் வாங்கினு இருக்காங்க."

எனக்குப் பயமாக இருந்தது. மேடையில், அத்தனை பேர் நடுவில் கலைந்தால் கல்யாணமும் போகும், அவள் மானமும் போகும், என் பேரும் போகும். ஆனால் அடிப்பூச்சு இல்லாத கலர் எதுவரை தாங்கும் என்று ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? மேடையில் முதல் தடவை உட்காரும்வரை தாங்கும். கூறைப்புடவை மாற்ற அறைக்கு வரும்போது தாங்காது. அப்போது கூடவே வருகிறவர் மாப்பிள்ளையின் அக்கா. நாத்தனார் வந்துதான் புடவையைக் கட்டிவிட வேண்டும், அது முறை. பார்த்தால் அவர் ஒருவர்தான் பார்ப்பார். வலது கண்ணுக்கு மட்டும் பூசிக் காயவிட்டேன். இடது கண்ணில் வெறும் தோலிலேயே கலரைப் போட்டேன். அவள் மேடையில் இருந்த நேரம் முழுக்க நான் அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

கலை திரும்பி வந்தாள். பின்னால் தட்டும் புடவையுமாக அவள் நாத்தனார், அவருக்குப் பின்னால் அம்மா. கதவைச் சாத்தினேன். கலை வேண்டுமென்றே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வலது கண் சித்திரம் போல இருந்தது. இடது இமையில் கலர் மடிப்புக்குள் ஓடி, வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. நாத்தனார் அருகே வந்து விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"எப்பலேருந்து?"

"ஸ்கூல் படிக்கறப்பலேருந்து."

"தம்பிக்குத் தெரியாதில்ல?"

தெரியாது என்று கலை தலையசைத்தாள். நாத்தனார் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். வெளியே மேளம் வாசித்துக்கொண்டே இருந்தது. கலை மட்டும் அழவில்லை. அழுதால் அதற்கும் என் மேக்கப்பைத்தான் சொல்வார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. நாத்தனார் வந்து தட்டிலிருந்து புடவையை எடுத்து உதறினார்.

"தம்பிகிட்ட சொல்லிட்டேன். 'கண்ணு நல்லாத் தெரியுமில்ல?'ன்னு கேட்டான். தெரியும்னேன். 'அப்ப என்ன, சீக்கிரம் வரச் சொல்லு, புகையில ஒக்கார முடியல'ன்னான். எங்க அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நீ கைய தூக்கு."

கலை கையைத் தூக்கினாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் கண் கலங்கியது. நான் இடது கண்ணைத் துடைத்து, அடிப்பூச்சு டப்பாவைத் திறந்தேன். "வேணாம்க்கா" என்றாள். வலது கண்ணையும் துடைத்துவிட்டு, இரண்டுக்கும் மை மட்டும் வைத்தேன். கொசுவத்தைச் செருகி முடித்த நாத்தனார் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். கலை வாயைத் திறக்கப் போனாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன்.

"பாண்டிச்சேரியே உங்களப் பத்திப் பேசுதுன்னாங்க. ஒரு பொடவ மாத்தற வரைக்கும்கூட நிக்கலையேம்மா நீங்க போட்டது?"

அதற்கப்புறம் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை, அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை.