சுரக்குடி வயலும் பிரெஞ்சு அம்புக்குறியும்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்... சர்வே வேலையில் சேர்ந்த புதிதில், ஊரே பார்க்க, நல்ல நெல் வயல் ஒன்றை ஆற்றுக்குள் தள்ளியவன் நான்.

ஊர் காரைக்கால் பக்கத்துச் சுரக்குடி. வயல் சுந்தரி அக்காவுடையது. பக்கத்தில் ஓடும் ஆறு அந்தக் காலத்தில் அந்த வயல் வழியாகத்தான் ஓடியது, ஆகவே அது புறம்போக்கு என்று யாரோ மனுப் போட்டுவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடத்தை நிலத்தோடு ஒப்பிட்டு உண்மையைச் சொல்வது என் பொறுப்பு. அக்காவுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான்.

பாச்சை உருண்டை வாசம் அடிக்கும் அந்தத் தாளை வரப்பில் விரித்தேன். உச்சியில் ஓர் அம்புக்குறி. வடக்கு என்று முடிவு கட்டினேன். கறுப்புக் கண்ணாடி வேறு போட்டிருந்தேனா...

"ஆறு இந்த வயலுக்குள்ளதான் ஓடியிருக்கு" என்று கம்பீரமாக அறிவித்தேன்.

"நீ நல்லா இருப்பியா தம்பி? இப்பத்தான ஒரு சொம்பு மோர் குடிச்ச!" என்றார் அக்கா.

எங்கள் அளவுச் செயின் பிடிக்கும் பாய் தாளை எட்டிப் பார்த்தார். அவருடைய அத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; அவரிடம் கற்ற பிரெஞ்சு கொஞ்சம் இருந்தது.

"தம்பி, அம்புகிட்ட என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?"

"பிரெஞ்சு பாய். எனக்கெங்க தெரியும்?"

"'கடல் பக்கம்'னு போட்டிருக்கு. நமக்குக் கடல் எப்பங்க வடக்க போச்சு?"

காரைக்காலில் பிறந்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா!

அம்பு கிழக்கே கடலைப் பார்க்கும்படி தாளைத் திருப்பினேன். ஆறு சமர்த்தாக வயலை விட்டு எழுந்து, வடக்கே தள்ளிப் படுத்துக்கொண்டது. அதன் கரையில் எல்லைக்கல் ஒன்று குறித்திருந்தார்கள். கோயில் குளத்து மூலையிலிருந்து, தாளில் கண்ட தூரத்துக்குச் செயினை இழுத்துக்கொண்டு ஓடினோம். கோரையை விலக்கினால்... கல்! செயின் முனை சரியாக அதன் தலையில். ஊரே விசில் அடித்தது. வயல் அக்காவுக்கே. எனக்கு இரண்டாவது சொம்பு மோர்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். இரண்டு பிள்ளைகள் டிரோன் பறக்கவிட்டு, நாங்கள் வெயிலில் காய்ந்து அளந்த ஊரை ஒரு டீ ஆறுவதற்குள் அளந்துவிட்டார்கள். ஆனால் பாருங்கள், அவர்களும் என் கல்லைத்தான் ஆதாரப் புள்ளியாக வைத்திருந்தார்கள்! மார்பை நிமிர்த்திக்கொண்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அந்தக் கல்லா? நீ அளக்க வர்றதுக்கு முன்னாடியே, துணி தொவைக்க எங்க வீட்டுக்காரரு திருநள்ளாத்துலேர்ந்து சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்து போட்டது தம்பி."