டிரசரின் கைராசி, என் கால்ராசி

1. வந்து இறங்கிய நாள்

மலாயாவின் பாலோ ஸ்டேஷனில் நான் புதுப்பெண்ணாக இறங்கிய அன்று, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கான கொயினா என்ற காய்ச்சல் மருந்து ஜாடியும் அதே ரயிலில் வந்து இறங்கியது. என் வீட்டுக்காரர்தான் அங்கே டிரசர், டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கொடுப்பவர். ஜாடியைக் கயிறு போட்டுக் கட்டாமல் மாட்டுவண்டியின் ஓரத்தில் வைத்தவரும் அவர்தான். முதல் பள்ளத்திலேயே அது உருண்டு விழுந்து உடைந்தது. அவர் வண்டிக்காரரைப் பார்த்து, "பாத்தியாப்பா, இவ கால் வெச்ச நேரத்த!" என்றார்.

வண்டிக்காரரும் தலையாட்டினார். ஜாடியைத் தொடக்கூட இல்லாத நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

2. ராசி பிரித்த கதை

அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். தன்மேல் அவருக்கு அபார மதிப்பு, அவ்வளவுதான். அந்த மதிப்பில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்குத்தான் என்னைக் கட்டிக்கொண்டார் போலிருக்கிறது.

பிறகு அதே ஆஸ்பத்திரியில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது. புண் கழுவுவது, கட்டுப் போடுவது, பிரசவத்துக்குத் துணை நிற்பது எல்லாம் என் வேலை. வாரம் ஒரு முறை வெள்ளைக்கார டாக்டர் வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரசர் வைத்ததுதான் சட்டம். காய்ச்சல் இறங்கினால், "நம்ம கைராசி அப்படி" என்பார். இறங்காவிட்டால் வீட்டுக்கு வந்து, "காலையில நீ எதுக்கு எதிர்ல வந்த?" என்பார். சோறு குழைந்தால் என் கவனக்குறைவு. மீன் குழம்பு ருசித்தால், "மீனப் பாத்து வாங்கினது யாரு?"

இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருக்கலாம். நான் நம்பினேன். அதுதான் வினை.

ஒருநாள் தொழிலாளர் லயத்துப் பெண் ஒருத்திக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. வாசலில் நின்ற தகப்பனிடம் டிரசர், "என் வீட்டம்மா காலையில படியில குறுக்க வந்துட்டா. நான் என்னப்பா செய்ய முடியும்?" என்றார். அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அன்றிலிருந்து நான் பிரசவ அறைக்குள் போவதை நிறுத்தினேன். வெந்நீரும் துணியும் வாசல்படி வரைக்கும்தான் கொண்டுபோவேன். அவரும், "அதுதான் நல்லது" என்றார்.

3. பொன்னம்மா

பொன்னம்மாவுக்கு ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது பால்மரக் காட்டிலேயே வலி எடுத்துவிட்டது. நாத்தனார் அங்கம்மா தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்த்தாள். வெயில் ஏறுவதற்குள் குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. உள்ளேயிருந்து டிரசரின் குரல் கேட்டது: "சுகப்பிரசவம்! எல்லாம் கைராசி!"

கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் மாறியது. ரத்தம் நிற்கவில்லை. அதை நிறுத்தும் எர்கட் மருந்தைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். புட்டிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் வராந்தாவுக்குக் கேட்டது. எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஜொகூர் பாருவிலிருந்து வந்து பத்து நாள் தங்கியிருந்த நர்ஸ் மிசியம்மா, என் கையைப் பிடித்து வைத்தே சொல்லிக்கொடுத்திருந்தாள். தெரிந்திருந்தும், கதவுக்கு இந்தப் பக்கம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் போனால் அவள் செத்துவிடுவாள் என்றுதான் எண்ணம்.

அங்கம்மா வெளியே ஓடிவந்தாள். அவள் சேலையெல்லாம் ரத்தம்.

"அலமாக்! இங்க என்னம்மா நிக்கிறீங்க? ஐயா இன்னும் மருந்தத் தேடிக்கிட்டிருக்காரு, உள்ள வாங்க!"

"நான் வந்தா ஆகாது, அங்கம்மா. என் ராசி..."

"அங்க ஒருத்தி செத்துக்கிட்டிருக்கா, உங்களுக்கு ராசி கேக்குதா? உங்க காலுக்குப் பயந்து எமன் வருவானா? நீங்க என்ன அம்புட்டுப் பெரிய ஆளா?"

கையைப் பிடித்து இழுத்தே விட்டாள்.

அடிவயிற்றில் கை வைத்து அழுத்தித் தேய்த்தேன். கர்ப்பப்பை தொளதொளவென்று இருந்தது. தேய்க்கத் தேய்க்கத் தேங்காய்போல் இறுகியது. குழந்தையைத் தாயின் மார்பில் போடச் சொன்னேன். எர்கட் புட்டி மேசைமேல், அவர் கண்ணெதிரிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ரத்தம் குறைந்து நின்றபோது பொன்னம்மாவின் உதடு வெளுத்திருந்தது, ஆனால் தண்ணீர் கேட்டாள். அவள் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

4. தேங்காய் பழம்

மூன்றாம் நாள் பொன்னம்மாவின் புருஷன் தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை வைத்துக்கொண்டு வந்தான். நேரே டிரசரிடம் நீட்டி, "எல்லாம் ஐயா கைராசிங்க" என்றான். ஐயா கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "இவளையும் நான் பழக்கி விட்டிருக்கேன், பரவால்ல" என்றார்.

அவன் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"கைராசி உங்களோடதாவே இருக்கட்டும்ங்க," என்றேன். "ஆனா அன்னைக்கு உசுரில்லாமப் பொறந்த புள்ளையும் இதே கையிலதான் பொறந்துச்சு. அதையும் சேத்து எடுத்துக்குங்க."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "அந்தப் புள்ள வயித்துலயே போயிருச்சு. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார்.

"அப்ப அதை அந்தத் தகப்பன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

போனாரா என்று கேட்கிறீர்களா? போகவில்லை. நான் போய்ச் சொன்னேன். அந்த மனிதர் கேட்டுவிட்டு, "தெரியும்மா. யாரையாச்சும் திட்டணும்போல இருந்துச்சு" என்றார்.

ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் பெண்களே, தற்பெருமைக்காரரைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்கொருவர் இருப்பார். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி. அவர் தன் கை பட்டால் உயிர் பிழைக்கும் என்று நம்பினார். நான் என் கால் பட்டால் உயிர் போகும் என்று நம்பினேன். இரண்டில் எது பெரிய மண்டைக்கனம்? அவருடையதால் எனக்கு மனக்கஷ்டம்தான் வந்தது. என்னுடையதால் ஒருத்தி செத்திருப்பாள்.