வளைவுக் கடையின் வெளிச்சம்

அன்று மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, கிராம சேவகர் விரித்த குடையை மடக்காமலே எங்கள் அப்பாவின் தேநீர்க் கடைக்குள் வந்து நின்றார். கடைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் காலையில் விரல் நுழையும் அளவுக்கு இருந்த வெடிப்பு இப்போது கால் நுழையும் அளவுக்கு விரிந்துவிட்டது, உடனே வெளியேறுங்கள் என்றார். அப்பா வெந்நீர்ப் பொயிலருக்கு அடியில் இருந்த விறகை இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். அம்மா கையில் அகப்பட்ட துணிகளை ஒரு பைக்குள் திணித்துக்கொண்டார். மேலே பாடசாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இருவரும் மழையோடு ஏறத் தொடங்கினார்கள்.

பாதி வழியில் அம்மா, "மருந்துப் பைய விட்டுட்டு வந்துட்டேங்க" என்றார். அப்பா நின்றார். திரும்பிப் பார்த்தார். "நீ மேல போ. நான் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.

அவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மேடு சரிந்தது.

உறவினர்களே, நண்பர்களே, அப்பாவின் இந்த நினைவு மலர் முப்பத்தோராம் நாளிலேயே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வருடம் பிந்தியதற்குக் காரணம் நான்தான். அப்பா ஏன் திரும்பிப் போனார் என்று தெரியாமல் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவும் என்னால் முடியவில்லை. "அப்பா பிறந்தார்" என்று தொடங்குவேன். அடுத்த வரி அந்தப் பாதைக்குப் போய் நின்றுவிடும்.

அப்பா பிறந்தது திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். ஏழு பிள்ளைகளில் நான்காமவர். தாத்தா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அப்பாயி கொழுந்து பறித்தார். ஒற்றை அறைக்குள் ஒன்பது பேர். ஐந்தாம் வகுப்போடு அப்பாவின் படிப்பு நின்றது. தொழிற்சாலையில் சில வருடம் வேலை செய்தார். அங்கே புழுதி நெஞ்சைப் பிடித்ததால், ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடப் போனார். கலவரக் காலத்தில் அந்தக் கடை எரிந்தது. கையில் ரொட்டிக் கரண்டியோடு ஓடி வந்ததாகச் சொல்வார். அதைச் சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார்.

பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு ராகலைப் பக்கம் வந்தார். நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் பாதையில், இரண்டு வளைவுகளுக்குக் கீழே, பஸ் ஒதுங்கி நிற்க இடமுள்ள ஒரு திருப்பத்தில் தகரக் கூரை போட்டுக் கடை வைத்தார். பெயர்ப்பலகை எழுதவே இல்லை. எல்லோருக்கும் அது வளைவுக் கடை.

அந்தக் கடையில் நீங்கள் எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள். பருப்பு வடை, தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், மத்தியானத்தில் சோற்றுப் பார்சல், எந்நேரமும் இஞ்சி தட்டிப் போட்ட, பால் சேர்க்காத பிளேன்டீ. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் மேசைக்கு வரும். வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை விட்டுப் போகலாம். எங்கள் ஊர்க் கடைகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம்தான். கொழுந்துக் கூடையோடு வரும் பெண்கள் மட்டும் அந்தத் தட்டைப் பார்க்காதது போல வாசலில் நின்றே குடித்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். அப்பா விடமாட்டார்.

"உள்ள வந்து ஒக்காருங்க. நின்னுக்கிட்டே குடிச்சா தேத்தண்ணி நேரா காலுக்குப் போயிரும்."

"கால் எல்லாம் அட்டைக் கடிங்க ஐயா, பெஞ்சியெல்லாம் ரத்தமாயிரும்."

"பெஞ்சிதானே? நான் தொடைச்சுக்கிறேன். வாங்க."

துடைப்பார். யாரையும் துடைக்கச் சொல்ல மாட்டார். அவர் வடையைக் கிண்டல் செய்யாத ஆளும் கிடையாது. "என்னங்க ஐயா, பருப்பு வடையில பருப்பத் தேட வேண்டியிருக்கு?" என்று பஸ்ஸிலிருந்து இறங்கும் யாராவது தொடங்குவார்கள். "தேடுங்க தேடுங்க, பஸ் எடுக்கிறதுக்குள்ள அகப்பட்டிரும்" என்பார். பால்மாவும் எரிவாயுவும் கிடைக்காத அந்த மோசமான காலத்தில் வடை நின்றது, பால் தேத்தண்ணி நின்றது. விறகு பொறுக்கி வந்து வெறும் பிளேன்டீயும் தொட்டுக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் சீனியுமாகக் கடையை நடத்தினார். ஒரு நாளும் மூடவில்லை.

அப்பாவிடம் விட்டுக்கொடுக்காத இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, பஸ் வந்து நின்றால் முதல் தேநீர் சாரதிக்கு. எத்தனை பெரிய மனிதர் பஸ்ஸில் இருந்தாலும் அவருக்குப் பிறகுதான். "மலைப் பாதையில வண்டி ஓட்டுறவன் கை வெறச்சுப் போயிருக்கும். அந்தக் கைதான் அத்தன பேரையும் வீடு சேர்க்கணும்" என்பார்.

மற்றது வாசல் கம்பத்து விளக்கு. மேல் வளைவில் பஸ் திரும்பும்போதே பள்ளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கடையின் விளக்கு தெரியும். விளக்கு எரிந்தால் தேநீர் இருக்கிறது, பஸ் நிற்கும். எரியாவிட்டால் நிற்காமல் போய்விடும். தேயிலைச் சாயம் தீர்ந்துவிட்டால் அப்பா முதலில் செய்யும் வேலை பாத்திரம் கழுவுவது அல்ல, விளக்கை அணைப்பதுதான். சின்ன வயதில் ஒருமுறை, "கொஞ்ச நேரம் எரிஞ்சா என்னப்பா?" என்று கேட்டேன். "வெளிச்சத்த நம்பி ஒருத்தன் எறங்கிட்டான்னா, அவனுக்கு நம்ம பதில் சொல்லணும்மா" என்றார்.

அந்தக் கடை வருமானத்தில்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். என் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியதும் அந்தக் கடை வாளிகளும் கரண்டிகளும்தான். என் மகள் நுவரெலியாவில் உயர்தர வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, மாலை பஸ் கடையில் நிற்கும்போது தாத்தாவிடம் இரண்டு வடை வாங்கித் தின்றுகொண்டே ராகலைக்கு வருவாள். வீட்டுக்கு வந்ததும் பசிக்கவில்லை என்பாள். அதற்காக அப்பாவோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். "ஏம்பா, சோத்து நேரத்துல வடைய குடுத்துக் கெடுக்குறீங்க?" "ஒம் பிள்ளைக்கு நான் குடுக்கல. என் பேத்திக்குக் குடுத்தேன்."

அன்றும் அவள் அந்த மாலை பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தாள். மூன்று நாள் மழை. மத்தியானமே மின்சாரம் போனது, பின்னேரம் தொலைபேசியும் நின்றுபோனது. வகுப்புக்கு அனுப்பியிருக்கக் கூடாது என்று ராகலையில் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது. நனைந்து, குளிரில் உதடு வெளுத்து இறங்கினாள். எனக்கு உயிர் வந்தது. அவள் முதலில் சொன்னது இதுதான்:

"தாத்தா கடைய மூடிட்டாரும்மா. பஸ் நிக்கவே இல்ல. சரியான பசி."

நான் சிரித்தேன். சோறு போட்டேன். "தாத்தாவும் மனுஷன்தானே, மழைக்குப் படுத்திருப்பாரு" என்றேன். வளைவைத் தாண்டியதும் பின்னால் பெரிய இடி ஒன்று இடித்ததாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். அவள் தட்டைக் கழுவி வைக்கும்போதுதான் பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்து வளைவில் மேடு சரிந்த செய்தியைச் சொன்னார். அது இடி அல்ல.

மறுநாள் மத்தியானம் அப்பாவை எடுத்தார்கள். கடை வாசலில், கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தார். அருகே கடையின் சார்ஜ் லைட் நொறுங்கிக் கிடந்தது. இருட்டில் எதையோ தேடுவதற்கு எடுத்திருப்பார் என்று சொன்னார்கள்.

எதைத் தேடினார் என்பதற்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். ஹட்டனில் வாங்கிய பழைய பித்தளைப் பொயிலரைத் தூக்கப் போனார் என்று ஒரு பேச்சு. மரண வீட்டில் என் காதுபடவே ஒருவர், "ஒரு பொயிலருக்குப் போயி உயிர விட்டாரே மனுஷன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாத இடத்தை மனிதர்கள் எதையாவது போட்டு நிரப்பத்தான் செய்வார்கள்.

ஆனால் அம்மா நிரப்பியது வேறு. என் மருந்துப் பையை எடுக்கத்தான் போனார், நான் வாயைத் திறந்திருக்காவிட்டால் இருந்திருப்பார் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். அதன் பிறகு மருந்தைத் தொடவில்லை. மூச்சுத் திணறி இரண்டு முறை வைத்தியசாலைக்குத் தூக்கிப் போனோம். அங்கே குழாயை முகத்திலிருந்து தள்ளிவிடுவார். "இதுக்குத்தானே போனாரு" என்பார். என் மகள் கெஞ்சுவாள், நான் திட்டுவேன், அழுவேன். அப்பா போன பாதையிலேயே அம்மாவும் இறங்கிப் போய்க்கொண்டிருப்பதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

"வேற ஒண்ணும் சொல்லலியாம்மா? நல்லா நெனச்சுப் பாருங்க" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"என்ன சொன்னாரு? வந்துர்றேன்னாரு. என் மூஞ்சியக்கூட பாக்கல. கடையப் பாத்தாரு, அப்புறம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேல பாத்தாரு. எறங்கிட்டாரு."

இதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இங்கே சிலருக்கு நாங்கள் நன்றி சொல்லியாக வேண்டும். மழை விடுவதற்கு முன்பே மண்வெட்டியோடு வந்து, வெறுங்கையாலும் மண்ணை அள்ளிய தோட்டத்துத் தம்பிமாருக்கு. அவர்களோடு சேற்றில் நின்ற இராணுவத்துப் பிள்ளைகளுக்கு; அவர்களில் ஒருவர் அப்பாவின் முகத்தைத் தன் சட்டையால் துடைத்தார். பாடசாலையில் அம்மாவை இரவெல்லாம் மடியில் சாய்த்து வைத்திருந்த ஆசிரியைக்கு. விகாரையிலிருந்து மூன்று நேரமும் சோற்றுப் பார்சல் அனுப்பிய பெரிய பிக்கு ஹாமுதுருவுக்கு. அப்பாவின் காரியங்களுக்கு அடுப்பு மூட்டிச் சமைத்த, அவர் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்த பெண்களுக்கு. வேலைக்கூலியை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அன்று பந்தியில் நீங்கள் உட்காரவே இல்லை என்பதையும் நான் கவனித்தேன்.

கடைசி நன்றி மாலை பஸ்ஸின் சாரதிக்கு.

சரிவுக்குப் பிறகு அந்தப் பாதை பல மாதம் மூடிக் கிடந்தது. அவரை வேறு பாதைக்கு மாற்றியிருந்தார்கள். பாதை திறந்து பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாள் மாலை, ராகலையில் பயணிகளை இறக்கிவிட்டு, விசாரித்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சிங்களவர். பஸ்ஸிலேயே தமிழ் பழகியவர். எத்தனையோ வருடமாக அப்பாவின் முதல் தேநீரைக் குடித்தவர். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மகள் தேநீர் கொண்டு வந்து நீட்டினாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் நின்றார். பஸ்ஸுக்குள் ஆட்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் வந்ததாகச் சொன்னார்.

"முதலாளி பொயிலர் எடுக்கப் போனாருன்னு சொல்றாங்க. அது பொய் அம்மா."

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா அவரைப் பார்க்காமலே, "பொயிலர் இல்ல, மாத்தயா. என் மருந்துப் பை" என்றார்.

"அதுவும் இல்ல" என்றார் சாரதி.

அம்மா தலையைத் திருப்பினார்.

"நான் மேல் வளைவுல வரும்போது கடையில லைட் எரிஞ்சிச்சு. நல்ல மழை, ஆனா லைட் தெரிஞ்சிச்சு. கண்டக்டர்கிட்ட சொன்னேன், 'முதலாளி கடை இருக்கு, நிப்பாட்டுவோம், கை வெறச்சிருச்சு'ன்னு. பஸ்ஸுல எல்லாரும் எறங்க ரெடி. நான் பாத்துக்கிட்டே வர்றேன், லைட் அணைஞ்சிருச்சு. கடைக்கு வரும்போது ஒரே இருட்டு. நான் நிப்பாட்டல. கொஞ்ச தூரம்தான் போனேன், பின்னால சத்தம் கேட்டிச்சு."

மத்தியானம் மின்சாரம் போனதும் அப்பா தன் கையால் சார்ஜ் லைட்டை வாசல் கம்பத்தில் மாட்டியதை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அவசரத்தில் அதை எரியவிட்டே இருவரும் ஏறியிருக்கிறார்கள். அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மேல் வளைவு இருக்கும் திசையை வீட்டுச் சுவருக்குள்ளேயே தேடுவது போலப் பார்த்தார். பிறகு தலையணைப் பக்கம் கையை விட்டு, மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த மருந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாரதி அழுதுகொண்டிருந்தார். கோப்பைத் தேநீர் அவர் விரல்களில் சிந்தியது. என் மகளைக் காட்டி, பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"லைட் எரிஞ்சிருந்தா இந்தப் பிள்ளையும் அங்கதான் எறங்கியிருக்கும் அம்மா. நாங்க எல்லாரும் எறங்கியிருப்போம். அது தெரியாம, ஒரு தேத்தண்ணி குடுக்காம முதலாளி கடைய மூடிட்டாரேன்னு, நான் ராகலை வரைக்கும் அவர ஏசிக்கிட்டே வந்தேன்."