மயங்கியவருக்கு ஒரு வாழ்த்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, பாசிக்குடாவில் ஒரு ஹொட்டேலின் வரவேற்பு மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்து பத்தாவது நாள். வந்தாறுமூலைக் கம்பஸில் பட்டம் வாங்கிய சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஒரு நினைப்பு வேறு.

மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கடற்கரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் காலில் செருப்பும் இல்லாமல் ஓடி வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “மை ஹஸ்பண்ட் பாஸ்ட் அவுட்!” என்றார்.

எங்கள் பக்கத்தில் பாஸ் அவுட் என்றால் கம்பஸ் முடித்து வெளியேறுவது. நானே அதற்கு முந்தின மாதம்தான் பாஸ் அவுட் ஆனவள். இந்த வயதிலும் மனுஷன் படித்து முடித்திருக்கிறாரே, அதுதான் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, பல்லெல்லாம் தெரிய, “கொங்கிராஜுலேஷன்ஸ் மேடம்!” என்றேன். அதோடு விட்டேனா? எந்தக் கம்பஸ் என்றும் கேட்டேன். அந்தப் பெண் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டி, அதையே திரும்பவும் கத்தினார்.

வாசலில் பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரருக்கும் அது கேட்டிருக்கிறது. ஓட்டமாவடி முஸ்லிம், அவர்கள் பக்கத்தில் அண்ணனை அழைப்பதுபோல நாங்கள் எல்லோரும் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“என்ன புள்ள கதைக்கிறீங்க? அவட புருஷன் மயங்கி விழுந்திட்டாராம்! அம்புலன்ஸுக்கு அடிங்க!” என்று கத்தியபடி குழாயைப் போட்டுவிட்டு ஓடினார்.

நான் போன் பண்ணிவிட்டுப் போய்ச் சேர்வதற்குள், அந்த மனிதரை மணலிலிருந்து நிழலுக்குத் தூக்கி வந்து, காலை உயர்த்தி வைத்து, நனைத்த துவாயால் கழுத்தை ஒற்றிக்கொண்டிருந்தார் நானா. மயங்கிக் கிடந்தவருக்கு ஏதும் ஆகிவிட்டால் நான் பல்லைக் காட்டி நின்ற நேரத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? நல்லவேளை, அம்புலன்ஸ் வருவதற்குள் அவர் கண் திறந்துவிட்டார்.

அந்தச் சொல் எப்படித் தெரியும் என்று பிறகு நானாவிடம் கேட்டேன்.

“கட்டார்ல பில்டிங் வேல செய்யக்குள்ள வெயிலுக்க ஆக்கள் விழுவாங்க தங்கச்சி. சுப்பவைசர் இந்தச் சொல்லத்தான் கத்துவான். என்ட ரூம்ல இருந்தவனும் ஒருநாள் விழுந்தான். அவன் எழும்பல்ல.”

மனேஜர் வந்து விசாரித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். “தங்கச்சிதான் அம்புலன்ஸுக்கு அடிச்சவ” என்று மட்டும் சொன்னார் நானா. நான் வாழ்த்துச் சொன்ன கதையைப் பற்றி இன்றுவரை அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

எப்போது பாஸ் அவுட் ஆனீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குப் பட்டமளிப்பு விழா நினைவுக்கு வருவதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நானா அந்த வெயிலில் ஓடியதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கு நான் வாழ்த்தியிருக்க வேண்டியது அவரைத்தான்.