ஒட்டிக்கொண்ட பிரேக்

பிரேக் பேடு மாற்றுவதற்காக வில்லியனூர் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோயிருந்தேன். முன்சக்கரத்தைக் கழற்றியதும் கருகல் வாடை வந்தது.

"காலிப்பர் பிஸ்டன் ஒட்டிக்கிச்சிக்கா. பிரேக் வுடாம தேச்சிகினே ஓடியிருக்கு" என்றார் மெக்கானிக்.

அப்பாவின் வாடகைக் காரிலும் ஒருநாள் இதே வாடை வந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும். காய்ச்சலில் துவண்டுபோன தம்பியை அம்மா பின்சீட்டில் மடியில் போட்டிருந்தாள். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பின்சக்கரம் இறுகி வண்டி நின்றுவிட்டது. நல்ல வெயில். அப்பா சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, கால்மிதியில் ஒட்டியிருந்த நெல் உமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா ஆச்சி? சீக்கிரம் பாருங்க" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்கவில்லை.

கடைசியில் டிரம் சுழன்றது. அப்பா சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"வுட்டுடுச்சி! வுட்டுடுச்சிடி!"

அம்மா தம்பியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"இங்கியும் வுட்டுடுச்சி" என்றாள்.

அப்பா சக்கரத்தை மாட்டினார். ஒரு நட்டையும் விடாமல் முறுக்கினார். வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினார். வழியெல்லாம் பிரேக் நன்றாகப் பிடித்தது.

மெக்கானிக் பிஸ்டனைக் கழற்றித் துடைத்து, புதுப் பேடைப் பொருத்தி, சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றிவிட்டார்.

"வுட்டுடுச்சிக்கா" என்று சிரித்தார்.

சக்கரம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.