பாதிப் பொட்டலம்

எனக்குத் தலையிடி பத்து வருடத் தொல்லை. லண்டன் இல்ஃபோர்டில் ஒரு சீன மருந்துக் கடைக்கார அம்மா தந்த மூலிகைத் தூளைக் குடித்த பிறகுதான் அது குறைந்தது. தருவதற்கு முன் நான் போடும் மருந்துக் குளிசைகளின் பெயர்களையெல்லாம் அவர் கேட்டு எழுதிக்கொண்டார். வீண் வேலை என்று நினைத்தேன்.

நமக்குக் கேட்ட மருந்தை அடுத்தவருக்கும் கொடுத்தால்தானே எங்கள் ஆட்களுக்கு மனம் ஆறும்! மனோர் பார்க் கோயிலில் யோகம் அக்கா தலையைப் பிடித்தபடி இருந்ததைக் கண்டதும் பாதித் தூளை மடித்துக் கொடுத்தேன்.

“ஒண்டும் செய்யாதுதானே, பிள்ளை?”

“வெறும் மூலிகைதான் அக்கா. பயப்படாதேங்கோ.”

அடுத்த வாரம் அக்கா எனக்குப் போன் எடுத்தார். “பல்லு மினுக்கேக்க வாற ரத்தம் நிக்குதில்லை.”

அப்போதுதான் விசாரித்தேன். இதய வருத்தத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் குளிசை போடுகிறாராம்.

சீனக் கடைக்கு ஓடினேன். அந்த அம்மா ஏசவில்லை. தூளில் இருந்த மூலிகைகளின் பெயர்களை மளமளவென்று எழுதித் தந்து, அக்காவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அங்கே டாக்டர் அந்தத் தாளைத்தான் முதலில் வாங்கிப் படித்தார். தூளும் குளிசையும் சேர்ந்து செய்த வேலை என்றார். நல்ல காலம், அக்கா மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

இன்றும் அந்தத் தூளைக் குடிக்கிறேன். எனக்கு அது கேட்கிறது. யாராவது விசாரித்தால் கடை விலாசத்தை மட்டும் கொடுப்பேன். பத்து வருடத் தலையிடியை அடக்கிய ஒன்றை, ‘வெறும்’ மூலிகை என்று எந்த வாயால் சொன்னேனோ!