மாமா போட்ட இரண்டாவது வேட்டு

அம்மா பிறந்த ஊர் கல்வராயன் மலையில் இருக்கிறது. ஆடியில் அம்மன் தேர் கிளம்பும்போது, நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். ரவை கிடையாது, கரிமருந்து மட்டும்தான். உரிமம் யாரிடம் இருக்கிறது என்று அம்மனும் கேட்டதில்லை.

எனக்கு எட்டு வயதான ஆண்டு சின்ன மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடிவாரத்திலிருந்து பெண் வீட்டார் தேர் பார்க்க வந்திருந்தார்கள். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுச் சட்டை, தலைக்கு எண்ணெய், தாத்தா விட்டுப்போன துப்பாக்கிக்கும் எண்ணெய்.

முதல் வேட்டில் மற்ற துப்பாக்கிகள் வெடித்தன, மாமாவுடையது வெடிக்கவில்லை. குழாயில் தேங்கிய எண்ணெயில் மருந்து ஊறியிருக்க வேண்டும். அந்தச் சத்தத்திலும் புகையிலும் தன்னுடையதும் வெடித்ததாகவே அவர் நினைத்துவிட்டார். அடுத்த வேட்டுக்கு, உள்ளே கிடந்த மருந்தின் மேலேயே இன்னொரு பங்கைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்தார். பக்கத்தில் நின்ற பெரிய மாமா அதைப் பார்த்தார்.

“இன்னாடா, கம்பி எறங்காம மேலயே நிக்குது? உள்ள மருந்து கீதான்னு பாரு.”

“அதெல்லாம் வெடிச்சிடுச்சிண்ணா. அவங்க பாத்துக்கினு இருக்காங்க, சும்மா இரு.”

அவங்க என்றது பெண் வீட்டாரை.

இந்த முறை இரண்டு பங்கு மருந்தும் சேர்ந்து பற்றிக்கொண்டது. பழைய இரும்பு தாங்கவில்லை. குழாய் அடியில் பிளந்து, மாமாவின் இடது கையைச் சிதைத்துவிட்டது. வலது கண் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் காய்கறி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கேட்டால் நாட்டு வெடி என்று சொல்லவேண்டும் என அப்பா வளைவுக்கு வளைவு எல்லோருக்கும் நினைவூட்டினார். மாமா வலியில் முனகியபடி, “அவங்க பாத்தாங்களாக்கா?” என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே வந்தார். செத்துப்போவார் என்று நான் அழுதேன். சாகவில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மாமா வீடு திரும்பிய பிறகு பெண்ணின் அப்பாவும் பெரியப்பாவும் வந்தார்கள். மாமா கையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மாமி போட்ட காப்பியை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள், மரவள்ளிக் கிழங்கு விலையைப் பற்றிப் பேசினார்கள். டம்ளரைத் தொடவில்லை.

சர்க்கரை போதவில்லை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. டம்ளர்களை உள்ளே எடுத்துப்போய் நிறையச் சர்க்கரை போட்டு ஆற்றிக் கொண்டுவந்தபோது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இப்பக் குடிச்சிப் பாருங்க, சக்கர ஜாஸ்தியா போட்டுட்டேன்” என்றேன்.

பெண்ணின் அப்பா என் தலையைத் தடவிவிட்டு நடந்தார். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. மாமா மட்டும் ஒரு டம்ளரை வாங்கி, அந்தத் தித்திப்புக் காப்பியை முழுவதும் குடித்தார். நன்றாக இருக்கிறதா என்று வேறு நான் கேட்டேன்.